நாலாம் படியில் வைத்த காகிதம்

கரடிகுப்பம்,
புத்தூர் தாலுகா.
12-8-1959

சிரஞ்சீவி தாட்சாயணிக்கு மாமா ஆதிநாராயணன் அநேக ஆசீர்வாதம். நானும் உன் அத்தை அலர்மேல்மங்கையும் உன் அம்மாவும் சுகம். கறுப்புப் பசு மட்டும் சுகமில்லை. அது என்றைக்குச் சுகமாயிருந்தது?

நீ திருப்பதியில் டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருக்க, இங்கே உன் மாமன் சர்க்காருக்கே பாடம் நடத்திவிட்டான். விஷயத்தைக் கேள். எல்லைத் தகராறு தீரப்போகிறது, திருத்தணி தமிழ்ப் பக்கம், நாம் தெலுங்குப் பக்கம் என்று ஆகப்போகிறதல்லவா? அதற்காக எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாஷை என்று எழுதிப்போகச் சித்தூரிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். ஜீப் என்றால் ஒன்று, பின்னால் இன்னொன்று. தூசி அடங்க அரை மணி ஆயிற்று. "இங்கே விஷயம் தெரிந்தவர் யார்?" என்று தெலுங்கில் கேட்டார். ஊரே என்னைப் பார்த்தது. நான் என்ன செய்வேன், எழுந்தேன்.

"அய்யா, பாஷையைப் பேசுமுன் மனுஷனுடைய மனசைப் பேசுவோம்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். போன வருஷம் திருப்பதியில் பழைய பேப்பர்க்காரனிடம் ஒரு புத்தகம் வாங்கினேனே, மனுஷ மனசு ஆதியிலிருந்து எப்படி வளர்ந்தது என்று, கடைசிப் பக்கங்கள் கிழிந்தது, அதிலிருந்து எடுத்துவிட்டேன். முதல் படியில் மனுஷன் இடிக்கும் இருட்டுக்கும் பயப்படுகிறான். இரண்டாம் படியில் கூட்டம் நினைப்பதைத் தானும் நினைக்கிறான், தனக்கென்று ஒரு நினைப்பு இல்லை. மூன்றாம் படியில் ஏன் என்று கேட்கிறான். நாலாம் படியில் தன் நினைப்பையே எட்ட நின்று பார்க்கிறான். ஐந்தாம் படி கிழிந்த பக்கத்தோடு போய்விட்டது, அதை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன்: பல பாஷையும் பல நாகரிகமும் ஒருத்தனுக்குள்ளேயே குடித்தனம் பண்ணுவது. எங்கள் ஊர் ஐந்தாம் படி, சேரி இரண்டாம் படி என்றேன். அதிகாரி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் எந்த யூனிவர்சிட்டி?" என்றார். பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டார்.

எட்டாங்கிளாஸை இரண்டு தரம் படித்தது வீண் போகவில்லை. உன் அத்தைதான் மதிக்க மாட்டேன் என்கிறாள். "ஊரையே படி ஏத்திக்கினு கீறீரே, பரண்மேல ஏறிப் புளிப்பானைய எடுத்துக் குடும்" என்கிறாள். அவள் இன்னும் முதல் படி.

ஆதிநாராயணன்


திருப்பதி
19-8-1959

அன்புள்ள மாமாவுக்கு தாட்சாயணி நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை ஹாஸ்டலில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். ஐந்தாம் படியை நீங்களே கட்டிக்கொண்டதற்குப் புத்தகம் எழுதினவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டார்கள்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். சேரிப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவர் என்ன எழுதிக்கொண்டார்? இரண்டு வருஷம் நான் நடத்திய பள்ளிக்கூடம். எனக்குப் பதிலாக வந்த தமிழ் வாத்தியார் திருத்தணிப் பக்கம் மாற்றிக்கொண்டு போய்விட்டதாகக் கேள்வி. தமிழ் கேட்கிற பிள்ளைகள் பேரையெல்லாம் எழுதி, வருகிற அதிகாரி கையில் கொடுப்பதாகச் சேரித் துலுக்காணம் சொல்லியிருந்தார். கொடுத்தாரா? அடுத்த வருஷம் நான் திரும்பி வரவேண்டிய இடம் அது.

பெண்பிள்ளை சேரிக்குப் போய்ப் பாடம் சொல்வதா என்று ஊரே கத்தியபோது, "போகட்டும், என் அக்கா மகள்" என்று சொன்னது நீங்கள் ஒருவர்தான். நான் மறக்கவில்லை. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

தாட்சாயணி


கரடிகுப்பம்
2-9-1959

சிரஞ்சீவி தாட்சாயணிக்கு ஆசீர்வாதம்.

நீ நன்றியோடு எழுதியதைப் படித்துக் கண் கலங்கியது. அன்றைக்கு உன் கரும்பலகையை என் தலையில் வைத்து, உச்சி வெயிலில், ஊர் பார்க்கச் சேரி வரைக்கும் சுமந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? (பாதி வழி மாட்டுவண்டியில் வந்தது. அது முக்கியமில்லை.)

பள்ளிக்கூடத்துக்கு என்ன, ஜோராக நடக்கிறது. புது வாத்தியார் வந்துவிட்டார். தெலுங்குக்காரர், சாது மனுஷர், தானே சமைத்துச் சாப்பிடுகிறார். பிள்ளைகள் இன்னொரு பாஷை கற்றுக்கொண்டால் ஐந்தாம் படிக்குக் குறுக்கு வழிதானே? துலுக்காணமும் வந்தான், நின்றான், போனான். அதிகாரிக்கு அவசரம்.

நீ படிப்பைக் கவனி. இதையெல்லாம் மாமா பார்த்துக்கொள்கிறேன். கறுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது.

ஆதிநாராயணன்


திருப்பதி
10-11-1959

மாமா,

நேற்றுச் சித்தூருக்குப் போயிருந்தேன், வேலை போடுவதைப் பற்றிக் கேட்க. குமாஸ்தா ரிஜிஸ்தரைப் புரட்டிவிட்டு, "கரடிகுப்பம் சேரியில் தமிழ் கிடையாதே அம்மா. தமிழ் வேண்டுமென்று யாரும் எழுதித் தரவில்லை. தெலுங்கே போதும் என்று ஊர்ப் பெரியவர் சொன்னதாக இருக்கிறது" என்றார்.

திரும்பும்போது பாகாலாவில் ரயிலுக்குக் காத்திருந்தேன். ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் குந்தி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். துலுக்காணம் மகள் கமலம்மா. என்னிடம் படித்தவள், இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டியவள். சேரிக்கு வருகிற கடிதமெல்லாம் அவள்தான் படித்துச் சொல்வாள். தெலுங்கு எழுத்துத் தெரியாது என்று அவளை ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்களாம். பதினைந்து நாள் உட்கார்ந்தாள். "பலகை சின்னது டீச்சரம்மா, முட்டி இடிக்குது" என்று சிரித்தாள். அப்புறம் சித்தியோடு பாகாலாவுக்கு வந்துவிட்டாள்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். "நான்தான் காகிதம் எழுதனேன். இருபத்தாறு பேரு. அல்லாருக்கும் அவங்க ஊட்ல கைநாட்டு வச்சாங்க. நைனா அத்த எடுத்துக்கினு போயி பெரியவர் கையில குடுத்துச்சு."

பெரியவர் என்றால் நீங்கள். காகிதம் எங்கே மாமா?

தாட்சாயணி


கரடிகுப்பம்
16-11-1959

சிரஞ்சீவி தாட்சாயணிக்கு,

யாரைப் பார்த்து என்ன கேட்டாய்? காகிதமா? அதிகாரி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தோல் பைக்குள் வைத்ததை நூறு பேர் பார்த்தார்கள். சித்தூரில் எந்தக் குமாஸ்தா எதற்கடியில் போட்டு வைத்தானோ! நான் ஒரு வார்த்தை எழுதினால் அந்த ஆபீஸே நடுங்கும், உனக்காகப் பொறுத்திருக்கிறேன்.

ஜீப் இரண்டு என்று எழுதியிருந்தேன். ஒன்றுதான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பெண் பாகாலாவில் டம்ளர் கழுவுகிறது என்றாயே, வெந்நீரிலா, பச்சைத்தண்ணீரிலா? சும்மாதான் கேட்டேன்.

ஆதிநாராயணன்


திருப்பதி
28-11-1959

மாமாவுக்கு,

பச்சைத்தண்ணீர்.

உங்கள் புத்தகம் இங்கே லைப்ரரியில் முழுசாக இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். ஐந்தாம் படி என்று எதுவும் கிடையாது. நாலோடு முடிந்துவிட்டது. கிழிந்துபோன பக்கங்களில் கூந்தல் தைலத்துக்கு விளம்பரம்.

நாலாம் படிக்காரன் தன் நினைப்பை எட்ட நின்று பார்ப்பான் என்று எழுதினீர்களே. ஒரு தரம் பாருங்கள்.

பொங்கலுக்கு நான் ஊருக்கு வரவில்லை. காரணத்தை அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

தாட்சாயணி


கரடிகுப்பம்
17-1-1960

தாட்சாயணிக்கு,

ஆசீர்வாதம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

பொங்கலன்று அக்கா வீட்டுக்குப் போனேன். உன் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. இலை போட்டாள், பொங்கல் வைத்தாள், எதிரே உட்கார்ந்தாள். கேட்டிருந்தால் நாலு பொய் சொல்லிவிட்டு ஏப்பம் விட்டு எழுந்திருப்பேன். கேட்காததனால் சோறு இறங்கவில்லை.

ஜீப் ஒன்றும் இல்லை. அவர் பஸ்ஸில் வந்து இறங்கி, குடை பிடித்து இரண்டு மைல் நடந்து வந்தார். என் கையைப் பிடிக்கவில்லை. யூனிவர்சிட்டி என்று கேட்கவில்லை. பன்னிரண்டு பக்கம் எழுதவில்லை. ஒரு வரி எழுதினார்.

துலுக்காணம் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். "உங்க கையால குடுத்தா எடுபடும் சாமி" என்று காகிதத்தை என்னிடம் கொடுத்தான். வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்தேன். அதிகாரி முதலில் சேரிக்காரரைத்தான் கேட்டார், தெலுங்கில். நம் பக்கத்துப் பழக்கம் உனக்குத் தெரியும். கேட்கிறவர் எந்தப் பாஷையில் கேட்கிறாரோ அந்தப் பாஷையில் பதில் சொல்வது மரியாதை. அவர்களும் தெலுங்கில் பேர் சொன்னார்கள், தெலுங்கில் வயசு சொன்னார்கள். "தெலுங்கு நன்றாக வருகிறதே, பிள்ளைகளுக்கும் அதுவே போதுமா?" என்றார். துலுக்காணம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டி அவனை அடக்கினேன். அவர்கள் பேர் சொல்லும்போதே நான் நடுவில் புகுந்து இரண்டாம் படி வரைக்கும் வந்திருந்தேன், பேச்சு சூடு பிடித்திருந்தது. "தெலுங்கே போதும் அய்யா, இவர்களுக்கு இன்னும் தனி நினைப்பு வரவில்லை" என்றேன். அவர் எழுதிய ஒரு வரி அதுதான்.

காகிதத்தை மறந்துவிட்டேன் என்று எழுதலாமென்றுதான் உட்கார்ந்தேன். மறக்கவில்லை. அன்று சாயங்காலமே புத்தகத்தைப் பிரித்தபோது கண்ணில் பட்டது. அதிகாரி இரண்டு நாள் புத்தூரில் தங்கியிருந்தார். போய்க் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், நேற்று நான் சொன்னது தப்பு என்று என் வாயால் சொல்லவேண்டும். நாலாம் படி தொடங்குகிற பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்து மூடிவிட்டேன். ஐந்து மாசம் அங்கேயே இருந்தது. தினம் படித்தேன், தினம் எடுத்து வைத்தேன்.

நேற்று அதை எடுத்துக்கொண்டு சேரிக்குப் போனேன். துலுக்காணம் வாங்கிப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது, மகள் எழுத்து என்று மட்டும் தெரியும். விரலால் தடவினான்.

"ஏன் சாமி?" என்றான். சொன்னேன்.

"படி, படின்னு சொல்லிக்கினு இருந்தீங்களே, நாங்க எந்தப் படியில கீறோம்?"

"ரெண்டாவது."

அவன் சிரித்துவிட்டான். "நாங்க எப்படி சாமி ஏறுவோம்? மேல் படி அல்லாத்திலயும் நீங்க குந்திக்கினு கீறீங்களே."

சித்தூருக்கு வருகிறேன், அதிகாரியிடம் நானே பேசுகிறேன் என்றேன். அவன் இரண்டு விஷயம் சொன்னான். "வாங்க. ஆனா வாயத் தெறக்கக் கூடாது. நீங்க பேசினா நாங்க எழுந்து வந்துடுவோம்." இன்னொன்று: "என் பொண்ணுகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே போயி சொல்லணும்."

இரண்டுக்கும் சரி என்று வந்திருக்கிறேன். முதலாவதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்று உன் அத்தையிடம் சொன்னேன். அவள், "எனக்கு ரெண்டாவத நெனச்சாதான்" என்றாள்.

மாமா


கரடிகுப்பம்
24-2-1960

தாட்சாயணிக்கு,

நேற்றுச் சித்தூர் போய் வந்தோம். சேரியிலிருந்து பதினாலு பேர், என்னோடு பதினைந்து. ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சு இருந்தது. அவர்களெல்லாம் நின்றார்கள். நான் பழக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன், பிறகு எழுந்தேன்.

அதே அதிகாரிதான். தெலுங்கில்தான் கேட்டார். துலுக்காணம் தெலுங்கிலேயே பதில் சொல்ல ஆரம்பித்தான். போச்சு, மறுபடியும் மரியாதை என்று நினைத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன், மெய்யாகவே கடித்தேன், இன்றைக்கும் காரம் பட்டால் எரிகிறது. அவன் சொன்னது: "மீரு தெலுகுலோ அடிகேரு, அந்துகே தெலுகுலோ செப்துன்னா. மா இண்ட்லோ அரவமே." நீங்கள் தெலுங்கில் கேட்டீர்கள், அதனால் தெலுங்கில் சொல்கிறேன், எங்கள் வீட்டில் தமிழ்தான் என்று. உனக்குப் புரியும், இருந்தாலும் இன்னொரு தரம் எழுதிப் பார்க்கிறேன். ஐந்து படி கட்டிய நான் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும்.

அப்புறம் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருத்தனுக்கு மெட்ராஸ் ஹார்பரில் மகன், கடிதம் படிக்க ஆள் வேண்டும். ஒருத்தன் பெண்ணை அரக்கோணத்தில் கொடுக்கப்போகிறான். கருப்பன் கிழவன், "நானு சாகறதுக்குள்ள என் பேர எழுதிப் பாக்கணும், பேரன்தான் சொல்லிக் குடுத்துக்கினு இருந்தான்" என்றான். கங்கம்மா என்கிற பொம்பளை, "தெலுங்கும் கத்துக்கட்டும் சாமி. ஒண்ணப் புடுங்கிட்டு இன்னொண்ணக் குடுக்காதீங்க" என்றாள். பதினாலு பேர், பதினாலு காரணம். ஒன்றைப்போல் ஒன்று இல்லை. தனி நினைப்பு வரவில்லை என்று நான் சொன்ன ஆட்கள்.

அதிகாரி பழைய தாளைப் பார்த்து, "அன்றைக்குத் தெலுங்கு போதும் என்று சொன்னது யார்?" என்றார். நான் துலுக்காணத்தைப் பார்த்தேன். அவன் தலையை அசைத்தான்.

"நான்தான்" என்றேன்.

"ஏன் அப்படிச் சொன்னீர்?"

"என் பேச்சு நன்றாக வந்துகொண்டிருந்தது, அதனால்."

அவர் சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டார். கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. முத்திரை குத்தி ஃபைலில் வைத்தார்.

வரும்போது பஸ்ஸில் கருப்பன், "பெரியவரு இன்னா இவ்ளோ நேரம் கம்முனு கீறாரு, ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

பாகாலாவுக்கு இன்னும் போகவில்லை. நெல் அடிக்கிற வேலை இருக்கிறது.

மாமா


திருப்பதி
4-6-1960

அன்புள்ள மாமாவுக்கு தாட்சாயணி நமஸ்காரம்.

உத்தரவு வந்துவிட்டது. சேரிப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு, தெலுங்கு வாத்தியாரும் இருப்பார், நானும் இருப்பேன். அடுத்த வாரம் ஊருக்கு வருகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

காகிதத்தின் நகலைச் சித்தூரில் கேட்டு வாங்கி, புது ரிஜிஸ்தரில் பேர் ஏற்றினேன். இருபத்தாறில் இருபத்தைந்து பேர் வருகிறார்களாம். முதல் பேர்தான் வரவில்லை. எழுதினவளே தன் பேரை முதலில் போட்டிருக்கிறாள். நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை.

நான் போய் அழைத்தால் வருவாளோ என்னவோ. ஆனால் போகவேண்டியது நான் இல்லை. ஜனவரியில் வாக்குக் கொடுத்தீர்கள். நெல் அடித்து முடித்து, அடுத்த போகமும் நட்டாகிவிட்டது மாமா.

தாட்சாயணி


பாகாலா ரயிலடி
19-6-1960

தாட்சாயணிக்கு,

என் வீட்டிலிருந்து அரை மைலில் நீ உன் அம்மா வீட்டில் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஊருக்கு வந்து நேரில் சொன்னால் கூட்டிச் சொல்வேன். அதனால் இங்கேயே உட்கார்ந்து எழுதித் தபாலில் போட்டுவிட்டு அப்புறம் ரயில் ஏறுகிறேன்.

டீக்கடைக்குப் போனேன். ஒரு டீ குடித்தேன். அவள் என்னைப் பார்த்து எழுந்து, "பெரியவரே, நைனா நல்லா கீதா?" என்றாள். நல்லா இருக்கிறான் என்றேன். இன்னொரு டீ குடித்தேன். மூன்றாவது சொன்னபோது அவளே கிட்ட வந்தாள்.

"அந்தக் காகிதத்துல நான் எழுதனது சரியில்லயா பெரியவரே? அதான் சர்க்காரு எடுத்துக்கலயா?" என்றாள். "டம்ளர் கழுவறப்ப அல்லாம் அதையேதான் நெனச்சுக்கினு இருப்பேன், எந்த எடத்துல தப்பு உட்டோம்னு. எழுத்தக் கொஞ்சம் கோணலாத்தான் எழுதனேன். பலகை இல்ல, தொடமேல வச்சு எழுதனேன்."

தாட்சாயணி, பத்து மாசம். அந்தப் பெண் பத்து மாசம் அப்படி நினைத்திருக்கிறது. காகிதம் மட்டும்தான் என் புத்தகத்தில் இருந்தது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சொன்னேன். உன் எழுத்தில் ஒரு தப்பும் இல்லை, அதை யாரும் படிக்கவே இல்லை, உன் நைனா என்னிடம் கொடுத்தான், நான் கொடுக்கவில்லை, மறக்கவும் இல்லை, ஒளித்து வைத்தேன் என்று. படியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைக்காரன் கூப்பிட்டான், திரும்பவில்லை.

"இப்ப படிச்சாங்களா?"

"படிச்சாங்க. அதை வச்சுத்தான் உத்தரவு வந்தது. டீச்சரம்மா வந்தாச்சு. நீ வந்தா அஞ்சாவதுலதான் உக்காரணும், ஒண்ணாவதுல இல்ல."

ரிஜிஸ்தரில் அவள் பேரை அடித்துவிடாதே. அதைக் கேட்கத்தான் முக்கியமாக எழுதுகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வருவேன், அதற்கடுத்ததும் வருவேன்.

அவள் சிரித்தாள், சனிக்கிழமை ரயிலுக்கு வருகிறேன் என்றாள் என்று எழுத விரல் துடிக்கிறது. அவள் சிரிக்கவில்லை. "டம்ளரக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்க் குந்திக் கழுவினாள். பச்சைத்தண்ணீர்தான்.

மாமா